காடு எடுப்பது எவ்வளவு, வைத்திருப்பது எவ்வளவு

ஓர் ஆண்டில் உலகம் முழுவதும் எவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிகின்றன என்று கணக்குப் போடுவது அவ்வளவு கடினமில்லை. தோண்டியதற்கும் ஏற்றுமதி செய்ததற்கும் விற்றதற்கும் பதிவுகள் இருக்கின்றன. அவற்றை வைத்துக் காற்றில் கலந்த கார்பன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இன்றைய நிலவரப்படி அது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்பதையும் துல்லியமாக அளக்கிறார்கள். 1958ல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடங்கிவைத்த அளவீடு அது. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நாம் வெளியேற்றியதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் காற்றில் தங்கியிருக்கிறது. மீதி எங்கே போனது? கடல் ஏறத்தாழ கால் பங்கைக் கரைத்துக்கொள்கிறது. அதைக் கழித்த பிறகும் ஒரு பெரிய தொகை இடிக்கிறது. 1980களிலும் 90களிலும் ஆய்வாளர்கள் அதைக் ‘காணாமல் போன கார்பன்’ என்றே சொல்லிவந்தார்கள். நிலத்திலுள்ள செடிகொடிகளும் மண்ணும்தான் எடுத்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வழி தெரியவில்லை.

ஆக்சிஜன் அதற்கு உதவியது. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங், 1980களின் இறுதியில், காற்றிலுள்ள ஆக்சிஜனின் மிக நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அதன் பின்னாலுள்ள யோசனை எளிது. எரிபொருள் எரியும்போது காற்றில் ஆக்சிஜன் குறையும். செடி கார்பனை எடுத்தால் பதிலுக்கு ஆக்சிஜனை விடும். கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடு கரையும்போது ஆக்சிஜனில் மாற்றம் வராது. ஆகவே எரித்த எரிபொருளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டுமோ அதைவிடக் குறைவாகக் குறைந்திருந்தால், அந்த வித்தியாசம் நிலத்துத் தாவரங்கள் திருப்பிக் கொடுத்தது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதில் பத்து லட்சத்துக்குச் சில பங்கு அளவிலான மாற்றத்தைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. அதைச் செய்து காட்டினார்.

இன்றைய கணக்கில், மனிதர்கள் வெளியேற்றும் கார்பனில் ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன், நிலத்துக்குள் போகிறது. எந்த ஒப்பந்தமும் போடாமல், யாரும் கூலி கொடுக்காமல் நடக்கும் உதவி இது. இது இல்லாவிட்டால் பூமி இதற்குள் இன்னும் கணிசமாகச் சூடாகியிருக்கும். இந்த உதவி தொடருமா, சூடாகும் பூமி அதன் கையைக் கட்டிப்போடுமா என்பதுதான் இந்த ஆய்வுத் துறை முழுவதும் சுற்றிவரும் கேள்வி.

பெரிய வரவு, பெரிய செலவு, சின்ன மிச்சம்

300 கோடி டன் பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அது கிடைக்கும் விதத்தைப் பார்த்தால் கவலை வரும். நிலத்துத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கை மூலம் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை உள்ளே இழுக்கின்றன. கிட்டத்தட்ட அதே அளவு திரும்பவும் வெளியே போகிறது. தாவரங்கள் தாங்களே மூச்சுவிடுவதில் ஒரு பாதி. உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் மண்ணின் நுண்ணுயிர்கள் தின்று முடிப்பதில் இன்னொரு பெரும் பங்கு. அப்புறம் நெருப்பு. இத்தனையும் போக மிஞ்சுவதுதான் அந்த 300 கோடி. செலவு இரண்டரை சதவீதம் கூடினால் மிச்சம் மொத்தமும் காணாமல் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே வரும் கார்பன் எல்லாம் ஒரே மாதிரி தங்குவதில்லை. பகலில் இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதி அன்றிரவே மூச்சாகப் போய்விடும். இலையாக மாறியது சில மாதமோ சில ஆண்டோ இருக்கும். மரக்கட்டையாக மாறியது நூறு ஆண்டு இருக்கலாம். மண்ணில் களித் துகளோடு ஒட்டிக்கொண்டது ஆயிரம் ஆண்டுகூட இருக்கும். காடு எவ்வளவு எடுக்கிறது என்பது ஒரு கேள்வி. எடுத்ததை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி. காலநிலையைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டும் திரும்பத் திரும்பக் குழம்புகின்றன. ‘செயற்கைக்கோள் படத்தில் பூமி பசுமையாகிறது’ என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழப்பம்தான் கண்ணில் படுகிறது. செய்தி பொய்யில்லை. 1982 முதல் எடுத்த செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாவரங்கள் உள்ள நிலப்பரப்பில் கால்வாசி முதல் பாதிவரை இலைப்பரப்பு கூடியிருப்பதையும், அதற்கு முதன்மைக் காரணம் காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு என்பதையும் காட்டியது. ஆனால் இலைப்பரப்பு கூடியது வரவைப் பற்றிய செய்தி. இருப்பு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது.

சரி, இருப்பை எப்படி அளப்பது?

கோபுரமும் இரவும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்டு காடு என்று ஓர் ஆய்வுக் காடு இருக்கிறது. மரங்களின் உச்சிக்கு மேலே எழும்பும் ஒரு கோபுரத்தில் 1991 முதல் அங்கே காட்டின் மூச்சைப் பதிவு செய்துவருகிறார்கள். காற்று எப்போதும் சுழல் சுழலாகத்தான் நகரும். சில சுழல்கள் மேலே போகும், சில கீழே இறங்கும். கோபுரத்தின் கருவி நொடிக்குப் பத்து முறைவாக்கில் இரண்டைக் குறிக்கும்: இந்தக் கணத்தில் காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா, அதில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு. கீழே இறங்கும் காற்றில் அதிகமாகவும் மேலே போகும் காற்றில் குறைவாகவும் இருந்தால் காடு எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அரை மணிக்கு ஒரு கணக்கு, ஆண்டு முழுவதும், பல பத்தாண்டுகளாக.

இந்த முறை பகலில் நன்றாக வேலை செய்யும். இரவில் ஏமாற்றும். காற்று அசையாத இரவுகளில், மண்ணும் மரமும் விடும் கார்பன் டை ஆக்சைடு கோபுரம்வரை ஏறி வராது. தரையை ஒட்டித் தேங்கும். சரிவான இடமாக இருந்தால் குளிர்ந்த காற்றோடு சேர்ந்து தண்ணீர்போலப் பள்ளத்தில் வழிந்துவிடும். கருவிக்கு அது தெரியாது. செலவைக் குறைத்துக் காட்டும், காடு நிஜத்தைவிட நிறையச் சேமிப்பதாகத் தோன்றும். அதனால் காற்று போதிய அளவு கலங்காத இரவுகளின் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, மற்ற இரவுகளை வைத்து அவற்றை நிரப்புகிறார்கள். எந்த இரவை ஒதுக்குவது என்ற முடிவு ஓர் ஆண்டின் மிச்சத்தையே மாற்றிவிடக்கூடியது. இது நுணுக்கமான விஷயம், வெளியே அதிகம் பேசப்படாதது. ஒரு காட்டைப் பற்றி ‘இத்தனை டன் உறிஞ்சுகிறது’ என்று ஒற்றை எண் சொல்லப்படும்போது, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட எத்தனையோ முடிவுகள் இருக்கின்றன.

இப்போது இத்தகைய கோபுரங்கள் உலகெங்கும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். கார்பன் அதிகமாகப் புழங்கும் வெப்பமண்டலக் காடுகளில், அதிலும் ஆப்பிரிக்காவில், மிகக் குறைவு. இது பணத்தின் வரைபடம். இயற்கையின் முக்கியத்துவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஹார்வர்டு காட்டின் கோபுரம் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. அந்தக் காடு கார்பனைச் சேர்த்துக்கொண்டே வந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அந்த நிலத்தில் ஒரு காலத்தில் விவசாயம் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் விவசாயிகள் கைவிட்டுப் போன பிறகு வளர்ந்த காடு அது. 1938ல் வீசிய சூறாவளியில் ஏராளமான மரங்கள் சாய்ந்து, மீண்டும் எழுந்தது. இளங்காடு வளரும்வரை சேர்க்கும். ஆகவே நமக்குக் கிடைக்கும் அந்த 300 கோடி டன்னில் ஒரு பகுதி, பழைய காயங்கள் ஆறுவதால் கிடைப்பது. ஆறி முடிந்தால் அந்தப் பகுதி நின்றுபோகும்.

காட்டுக்குக் கூடுதலாகக் காற்று கொடுத்துப் பார்த்தால்

கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடி வேகமாக வளரும் என்பது பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். இலையில் உள்ள நுண்துளைகளை அதிகம் திறக்காமலே வேண்டிய வாயு கிடைத்துவிடுவதால் தண்ணீரும் மிச்சமாகும். தொட்டியில் வளரும் செடிக்கு உரமும் தண்ணீரும் கிடைக்கின்றன. காட்டுக்கு யார் கொடுப்பார்கள்?

இதைச் சோதிக்கக் காட்டுக்குள்ளேயே வட்ட வட்டமாகக் குழாய்களை நட்டு, திறந்த காற்றில் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டென்னசியில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஸ்வீட்கம் மரத் தோட்டத்தில் நடந்த பரிசோதனையில், 2001 முதல் 2003 வரை வளர்ச்சி 24 சதவீதம் கூடியிருந்தது. மகிழ்ச்சியான முடிவு. அங்கேயே நிறுத்தியிருந்தால் பாடப்புத்தகத்தில் அந்த எண்தான் இருந்திருக்கும். நிறுத்தவில்லை. 2008ல் அது 9 சதவீதமாக இறங்கிவிட்டது. மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை. அதே காலத்தில் வட கரோலினாவின் டியூக் காட்டில் பைன் மரங்கள் கூடுதல் வளர்ச்சியைத் தக்கவைத்துக்கொண்டன. அவை வேர்களுக்கும் வேர்ப் பூஞ்சைகளுக்கும் கூடுதலாகக் கார்பனை அனுப்பி, மண்ணிலிருந்து தழைச்சத்தைப் பிரித்தெடுத்தன. ஒரே பரிசோதனை, இரண்டு காடு, இரண்டு பதில்.

இரண்டுமே இளமரங்கள். முதிர்ந்த காட்டில் என்ன நடக்கும்? ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் நிற்கும் பழைய தைலமரக் காட்டில் 2012 முதல் இதைச் செய்துபார்க்கிறார்கள். 2020ல் வெளிவந்த முடிவு என்னை நீண்ட நேரம் யோசிக்கவைத்தது. காடு 12 சதவீதம் கூடுதலாகக் கார்பனை உள்ளே இழுத்தது உண்மை. ஆனால் மரம் பருக்கவில்லை. கூடுதலாக வந்தது வேர் வழியாகவும் மண் வழியாகவும் சுற்றி, நுண்ணுயிர்களின் மூச்சாகப் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. எடுத்தது நிறைய, வைத்துக்கொண்டது சொற்பம்.

உடனே ‘முதிர்ந்த காடுகள் உதவாது’ என்று முடிவு கட்டிவிட முடியாது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில் ஏறத்தாழ 180 வயதான ஓக் காட்டில் 2017ல் தொடங்கிய இதே மாதிரிப் பரிசோதனையில், ஏழு ஆண்டுகளில் மரக்கட்டை உற்பத்தி சராசரியாக 10 சதவீதத்தை ஒட்டிக் கூடியது. மண் வேறு, மரம் வேறு, பதிலும் வேறு. இப்போது எல்லோருடைய கண்ணும் அமேசான்மேல் இருக்கிறது. மனாஸ் நகருக்கு அருகே அங்கும் இப்படி வளையங்களை எழுப்பியிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் நடந்த உரப் பரிசோதனை ஒன்றில், மணிச்சத்து போட்டபோதுதான் காடு சுறுசுறுப்படைந்தது. அந்தக் கூடுதல் வளர்ச்சியும் இலையிலும் மெல்லிய வேரிலும் தெரிந்தது, அடிமரத்தில் தெரியவில்லை.

மண்ணுக்கு அடியில் கம்பி

என் பார்வையில் இந்தத் துறையின் ஆகச் சிறந்த பரிசோதனை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது. அதே ஹார்வர்டு காட்டில், 1991ல், ஜெர்ரி மெலிலோவும் குழுவினரும் ஆறுக்கு ஆறு மீட்டர் பாத்திகளில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்தார்கள். கம்பிகள் மண்ணைச் சுற்றுப்புறத்தைவிட எப்போதும் ஐந்து டிகிரி சூடாக வைத்தன. பனிக்காலத்திலும் அந்தப் பாத்திகளில் மட்டும் பனி உருகும். கம்பி புதைப்பதே மண்ணைக் கலைத்துவிடுமே என்பதால், கம்பி புதைத்து மின்சாரம் கொடுக்காத பாத்திகளையும் ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள்.

முதல் பத்து ஆண்டுகளில் சூடான மண் கூடுதலாகக் கார்பனை விட்டது. நுண்ணுயிர்கள் எளிதில் செரிக்கும் பொருளைத் தின்று தீர்த்தன. அடுத்த ஏழு ஆண்டுகளில் சூடான பாத்திக்கும் சூடாகாத பாத்திக்கும் வித்தியாசமே இல்லை. மண் பழகிவிட்டது என்று அப்போது சொல்லியிருக்கலாம், சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பிறகு மறுபடியும் கூடுதல் வெளியேற்றம் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, முன்பு தொட முடியாத கடினமான பொருளைச் செரிக்கக் கற்றுவிட்டது. பின்னர் அதுவும் தணிந்தது. 2017ல், 26 ஆண்டுப் பதிவை வெளியிட்டபோது, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணிலிருந்த கார்பனில் 17 சதவீதம் போயிருந்தது.

மூன்று ஆண்டு நிதியில் ஓடும் ஆய்வு முதல் கட்டத்தை மட்டும் பார்த்திருக்கும். பதினைந்து ஆண்டு ஓடியது நிம்மதியான பொய்யைச் சொல்லியிருக்கும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலத்தின் மிக முக்கியமான மாற்றங்கள் நிதி ஒதுக்கீட்டின் காலண்டருக்குள் அடங்குவதில்லை. நீண்ட கால அளவீடு ஒன்றை நடுவில் நிறுத்தும்போது, அதுவரை சேர்ந்ததன் பொருளும் பாதி போய்விடுகிறது.

உலக மண்ணில் இருக்கும் கார்பன் காற்றிலும் தாவரங்களிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். வடக்கே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தில் மட்டும் காற்றில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குளிரில் அழுகாமல் கிடந்த வேரும் பாசியும் அது. மேலிருந்து மெல்ல உருகினால் ஒரு கணக்கு. உள்ளே பனிக்கட்டி நிறைந்த இடம் திடீரென உள்வாங்கிக் குளமானால் வேறு கணக்கு. தண்ணீருக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வரும், அது இன்னும் வீரியமான வாயு. மின்னசோட்டாவில் ஒரு பாசிச் சதுப்பின்மேல் கூரையற்ற பெரிய அறைகளைக் கட்டி, ஒன்பது டிகிரிவரை படிப்படியாகச் சூடேற்றிப் பார்க்கிறார்கள். கார்பனைச் சேர்த்துவந்த அந்தச் சதுப்பு, சூடேற்றிய அறைகளில் சில ஆண்டுகளிலேயே இழக்கத் தொடங்கிவிட்டது. சதுப்பைக் கட்டிக்காக்கும் பாசியே மங்கிப்போனது.

காடு மழையை வாங்குகிறது, கொடுக்கவும் செய்கிறது

இதுவரை காலநிலை நிலத்தை என்ன செய்கிறது என்று பார்த்தோம். மறு திசையிலும் கை நீளும். 1970களில் பிரேசில் ஆய்வாளர் எனேயஸ் சலாத்தி அமேசானில் பெய்த மழைநீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை, அளந்தார். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உள்ளே போகப் போக, கனமான ஐசோடோப் கொண்ட நீர் முதலில் மழையாக விழுந்துவிடும். அதனால் மேற்கே போகப் போக மழைநீரில் அது விரைவாகக் குறைய வேண்டும். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. காரணம், விழுந்த மழையைக் காடு வேரால் குடித்து இலைவழியே மறுபடியும் காற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே தண்ணீர் பலமுறை மழையாகிறது. ஆகவே கிழக்கே காட்டை வெட்டினால் மேற்கே இருக்கும் காட்டுக்குத் தண்ணீர் குறையும்.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் நேரில் சோதித்திருக்கிறார்கள். பிரேசிலின் கஷியுவானா காட்டில் 2002 முதல் ஒரு ஹெக்டேர் பரப்பில், தரைக்குச் சற்று மேலே ஒளிபுகும் தகடுகளைப் பரப்பி, மழையில் பாதியை வேறு பக்கம் வடித்துவிட்டார்கள். முதல் சில ஆண்டுகள் காடு சமாளித்தது. அப்புறம் பெரிய மரங்கள் சாகத் தொடங்கின. பட்டினியால் சாகவில்லை. வேரிலிருந்து உச்சிவரை நீண்டிருக்கும் நீர் இழையில் காற்றுக் குமிழி புகுந்து, இழை அறுந்து, தாகத்தால் செத்தன. உயரமான மரத்துக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், கார்பனை அதிகம் வைத்திருப்பதும் அதுதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான உயிர்ப்பொருள் போன பிறகு, எஞ்சிய மரங்களுக்கு ஆளுக்குக் கிடைக்கும் தண்ணீர் கூடியதால் நிலைமை சீரானது. காடு பிழைத்தது, ஆனால் முன்பைவிடச் சிறிய காடாக.

பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் லூசியானா கட்டி தலைமையிலான குழு 2010 முதல் 2018 வரை சிறு விமானத்தில் ஏறத்தாழ 600 முறை அமேசான்மேல் பறந்து, வெவ்வேறு உயரங்களில் காற்றைக் குடுவைகளில் பிடித்தது. வெட்டும் தீயும் நீண்ட வறட்சிப் பருவமும் மோசமாகத் தாக்கிய தென்கிழக்குப் பகுதி, எடுப்பதைவிட அதிகமாக விடுகிறது என்று 2021ல் அறிவித்தார்கள்.

தாவரங்கள் காலநிலையை மாற்றுவது கார்பன் வழியாக மட்டும் இல்லை. 1975ல் வானிலை அறிஞர் ஜூல் சார்னி, சஹாராவின் தென்விளிம்பில் தாவரம் குறைந்தால் வெளிறிய மண் வெயிலைத் திருப்பி அனுப்பி, அதனால் மழை குறைந்து, அதனால் தாவரம் இன்னும் குறையும் என்று ஒரு சுழற்சியை முன்வைத்தார். அங்கே நிலவிய நீண்ட வறட்சிக்குக் கடலின் வெப்பநிலை மாற்றம்தான் முதன்மைக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் நிலத்தின் நிறம் வானிலையை மாற்றும் என்ற அவர் யோசனை நிலைத்துவிட்டது. வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் அது முழு வேகத்தில் வேலை செய்கிறது. பனி மூடிய வெட்டவெளி வெயிலைத் திருப்பி அனுப்பும். அங்கே அடர்ந்த ஊசியிலைக் காட்டை வளர்த்தால் கரும்பச்சை வெயிலை விழுங்கும். மரம் கார்பனை எடுத்துக் குளிர்விப்பதைவிட, வெயிலை விழுங்கிச் சூடாக்குவது சில இடங்களில் அதிகமாக இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டே ரிச்சர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. எங்கே, எந்த மரம் என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கும் திட்டங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நூறு ஆண்டுச் சேமிப்பு, ஒரு கோடை

மெல்லச் சேர்வது திடீரென்று போகும். 2003ல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் அந்தக் கண்டத்தின் ஒளிச்சேர்க்கை 30 சதவீதம் சரிந்தது. நான்கு ஆண்டுகளில் சேர்ந்த கார்பனுக்கு ஈடானது ஒரே ஆண்டில் போய்விட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரப்பட்டைக்குள் வாழும் ஒரு சிறு வண்டு, கடுங்குளிர்காலம் தன் புழுக்களைக் கொல்லாமல் போனதால் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. சேர்த்துவந்த காடு விடும் காடாக மாறியது. 2023ல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்து, 60 கோடி டன்னை ஒட்டிக் கார்பன் வெளியேறியது. அந்த நாடு ஓராண்டில் எரிபொருளால் வெளியேற்றுவதைப் போலப் பல மடங்கு அது.

கணினி மாதிரிகளுக்கு இவைதான் பெரிய தலைவலி. சராசரி வெப்பத்துக்கு இலை எப்படி நடந்துகொள்ளும் என்று சமன்பாடு எழுதலாம். ஒரு வண்டு எந்த மலையைத் தாண்டும் என்று எழுதுவது கடினம். 2000ல் பீட்டர் காக்ஸும் பிரிட்டனின் ஹேட்லி மையக் குழுவினரும் முதன்முறையாகக் காலநிலையையும் உயிருள்ள நிலத்தையும் ஒரே மாதிரியில் கோத்து ஓட்டினார்கள். 2050 வாக்கில் நிலம் உதவுவதை நிறுத்திவிட்டு வெளியேற்றத் தொடங்கும் என்றது அது. 2100ல் நிலப்பரப்பு ஒத்துழைத்தால் நான்கு டிகிரி, எதிர்த்துத் திரும்பினால் ஐந்தரை டிகிரி என்றது. 2006ல் பதினொரு மாதிரிகளை ஒப்பிட்டபோது, நிலமும் கடலும் சூடாவதால் நூற்றாண்டின் இறுதியில் காற்றில் கூடுதலாகச் சேரும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்றது ஒன்று, 200 பங்கு என்றது இன்னொன்று. பத்து மடங்கு இடைவெளி. எந்தப் பக்கம் என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து: எல்லா மாதிரிகளும் கூடும் என்றே சொல்லின. அப்போதைய பெரும்பாலான மாதிரிகளில் தழைச்சத்துக் கணக்கே கிடையாது. இப்போதையவற்றில் பலவற்றில் அது உண்டு. மணிச்சத்து இருப்பவை இன்னும் சிலதான்.

இந்த இடைவெளி ஆய்வாளர்களின் சொந்த விவகாரம் இல்லை. ஒன்றரை டிகிரிக்குள் நிற்க இன்னும் எவ்வளவு கார்பனை வெளியேற்றலாம் என்று அரசுகள் மேஜையில் வைத்துப் பேசும் எண், நிலம் தன் பங்கைத் தொடர்ந்து எடுக்கும் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது.

அந்த அனுமானத்தைச் சரிபார்க்கும் வேலையில் பெரும்பங்கு நாடாவும் ஏணியும் வைத்து நடக்கிறது. வெப்பமண்டலக் காடுகளில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் ஆணியடித்து, மார்பளவு உயரத்தில் ஒரு கோடு தீட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே கோட்டில் நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் அமேசானிலும் 565 காட்டுத் துண்டுகள், மூன்று லட்சம் மரங்கள். அந்த நாடாக்களைக் கூட்டித்தான், அமேசானின் சேமிப்பு 1990களிலேயே இறங்கத் தொடங்கியதையும், ஆப்பிரிக்கக் காடுகள் 2010 வரை தாக்குப்பிடித்ததையும் 2020ல் சொல்ல முடிந்தது. மனிதக் கை படாத வெப்பமண்டலக் காடுகள் 1990களில் நம் வெளியேற்றத்தில் 17 சதவீதத்தை எடுத்தன. 2010களில் 6 சதவீதம். மரங்கள் வேகமாக வளரவும் செய்தன, வேகமாகச் சாகவும் செய்தன.

2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ‘பயோமாஸ்’ என்ற செயற்கைக்கோளை ஏவியது. அதன் நீண்ட அலை ரேடார் இலைப்போர்வையை ஊடுருவி, அடிமரத்தையும் பெருங்கிளையையும் தொட்டுத் திரும்பும். இலையைப் பார்த்துவந்த கண்ணுக்கு இப்போதுதான் கட்டை தெரியப்போகிறது. அந்த ரேடாரின் எதிரொலி எத்தனை டன் மரத்தைக் குறிக்கிறது என்று சரிபார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டும். அதற்கு யாராவது காட்டுக்குள் நடந்துபோய், எண் பொறித்த மரத்தைத் தேடிப் பிடித்து, முன்பு இன்னொருவர் தீட்டிவிட்டுப் போன கோட்டில் நாடாவைச் சுற்ற வேண்டும்.